கல்லீரல் அனுப்பாத புரதம்: ஒரு சிறுமியின் லூபஸும் சி1கியூ குறைபாடும்

ஐந்து வயது நான்கு மாதம் நிரம்பிய சிறுமி ஒருத்தியை, வெயில் பட்டால் முகம் சிவந்து தடித்துவிடுகிறது என்ற குறையோடு, அவளுடைய தாயும் பாட்டியும் ஒரு ஜனவரி மாதக் காலையில் பெங்களூரில் நான் பணியாற்றும் குழந்தைகள் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் பிழைப்புக்காக வந்து ஸ்ரீராமபுரத்தில் வேரூன்றிவிட்ட குடும்பம் அது, தந்தை கே.ஆர். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் டெம்போவின் ஓட்டுநர். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து, பெற்றோரின் ஒப்புதலோடு இந்த நிகழ்வை எழுதுகிறேன்.

"வெயில்ல அஞ்சு நிமிசம் நின்னாப் போதும் டாக்டரம்மா, ரெண்டு கன்னமும் நெருப்பாட்டம் ஆயிடுது" என்றார் தாய். தடிப்பு இரண்டு வயதில் தொடங்கியிருந்தது. மூக்கின் இருபுறமும் கன்னங்களிலும் காது மடல்களிலும் செந்நிறத் திட்டுகள் இருந்தன. சில இடங்களில் தோல் மெலிந்து வெளுத்த தழும்புகளாக ஆகியிருந்தது. மேலண்ணத்தில் வலியில்லாத ஒரு புண். உச்சந்தலையில் இரண்டு இடங்களில் முடி உதிர்ந்த வட்டங்கள். விரல் நுனிகள் ஊதா நிறத்தில் வீங்கி, இரண்டு விரல்களில் வெடித்து ஆறிய வடுக்கள் தெரிந்தன. அவை மார்கழிக் குளிரில் வந்து மாசியில் ஆறிவிடும் என்று பாட்டி சொன்னார். பெங்களூர் குளிர்ந்த ஊர், இங்கே வெயில் என்ன செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் இது. காற்று குளிர்ந்திருக்கும் காலையிலும் புற ஊதாக் கதிர் தோலைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வேர்க்காத வெயில் என்பதால் யாரும் நிழலுக்கு ஒதுங்குவதுமில்லை.

அவளுக்கு இரண்டு முறை நிமோனியா வந்திருந்தது. காதில் சீழ் வடிவது வாடிக்கையாக இருந்தது. எத்தனை குழந்தைகள் என்று கேட்டபோது இரண்டு என்று தாய் சொன்னார். எத்தனை பேர் பிறந்தார்கள் என்று கேள்வியை மாற்றிக் கேட்டபோதுதான், பாட்டி தரையைப் பார்த்தபடி, "மூணு" என்றார். மூத்தவன் ஒன்பது வயதுப் பையன், நோய்நொடி அறியாதவன். அவனுக்கும் இவளுக்கும் நடுவே பிறந்த பெண் குழந்தை ஒன்றரை வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். ஒவ்வொரு மருத்துவரும் முதல் கேள்வியை மட்டுமே கேட்டிருந்ததால், நான்கு ஆண்டுச் சீட்டுகளில் எங்குமே அந்தக் குழந்தை இடம்பெறவில்லை.

தாய் மணந்திருப்பது தன் சொந்தத் தாய்மாமனை. வம்சாவளிப் படம் வரைந்தபோது, சிறுமிக்குத் தாய்வழிப் பாட்டியாக என் முன்னே அமர்ந்திருந்தவரே அவளுடைய தந்தைக்கு அக்காவாகவும், ஆகவே அவளுக்கு அத்தையாகவும் இரண்டு இடங்களில் வந்து நின்றார். தாய்மாமன் மணத்தில் பிறக்கும் குழந்தையின் ஏதாவது ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டால், அதன் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் அது பதினாறில் ஒன்று. இதை நான் அன்று குறித்துக்கொண்டேன். ஆனால் அதைக்கொண்டு எதையும் செய்யவில்லை.

உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சொந்தத் திசுக்களையே தாக்கும் லூபஸ் நோயைப் பரிசோதனை முடிவுகள் காட்டின. ஹீமோகுளோபின் 9.4, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் 62, அணுக்கரு எதிர்ப்பொருளான ஏஎன்ஏ 1:640 வரை நேர்மறை, லூபஸில் காணப்படும் எஸ்எம், ரோ எதிர்ப்பொருள்கள் நேர்மறை, இரட்டை இழை டிஎன்ஏவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இல்லை, சிறுநீரில் புரதம் இல்லை. காம்ப்ளிமென்ட் என்ற நோய் எதிர்ப்புப் புரதத் தொகுப்பைச் சேர்ந்த சி3 டெசிலிட்டருக்கு 128 மில்லிகிராம், சி4 31 மில்லிகிராம். இரண்டும் இயல்பு வரம்புக்குள் இருந்தன. லூபஸ் தீவிரமாக இருக்கும்போது எதிர்ப்பொருள் கூட்டுகள் காம்ப்ளிமென்ட் புரதங்களைச் செலவழித்துவிடுவதால் இந்த இரண்டு எண்களும் இறங்கும் என்பது நாங்கள் எல்லோரும் படித்த பாடம். இறங்கவில்லை, ஆகவே மிதமான லூபஸ் என்று எழுதி, ஹைட்ராக்ஸிகுளோரோகுவினும் குறைந்த அளவு பிரெட்னிசோலோனும் கொடுத்தேன். "காம்ப்ளிமென்ட் எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று தாயிடமும் சொன்னேன். அந்த வாக்கியம் தவறு. அது எப்படித் தவறாயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அடுத்த ஏழு மாதங்களில் மருந்துகளைக் கூட்டிக்கொண்டே போனோம், மைக்கோஃபினோலேட் சேர்த்தோம், சிறுமியின் முகம் பிரெட்னிசோலோனால் உப்பியதே தவிர திட்டுகள் மறையவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் பள்ளியில் வலிப்பு வந்து விழுந்தாள். சிடி ஸ்கேனில், மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளில் இருபுறமும் சுண்ணாம்பு படிந்த வெண்புள்ளிகள் தெரிந்தன. அன்று மாலை கோப்பை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். ஐந்து வயதுக்குள் தொடங்கிய லூபஸ், இறந்துபோன அக்கா, நெருங்கிய உறவில் மணம், மீண்டும் மீண்டும் தொற்று, குளிரில் வெடிக்கும் விரல்கள், இப்போது மூளையில் சுண்ணாம்பு. இவை ஒவ்வொன்றும் ஒற்றை மரபணுக் கோளாற்றால் வரும் லூபஸையே சுட்டிக்கொண்டிருந்தன. அதை மறைத்து நின்றவை அந்த இரண்டு நல்ல எண்கள்தாம்.

சோதனைக் குழாயில் தெரிந்தது

காம்ப்ளிமென்ட் என்பது ஒரே பொருளன்று. கிருமியின் மீதோ எதிர்ப்பொருள் கூட்டின் மீதோ ஒன்றையொன்று தூண்டிவிடும் முப்பதுக்கு மேற்பட்ட புரதங்களின் தொகுப்பு அது. சூடாக்கினால் செயலிழக்கும் ஏதோ ஒன்று சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், இருந்துகொண்டு எதிர்ப்பொருளுக்குத் துணை செய்கிறது என்பதை 1890களில் ஜூல் போர்டே காட்டினார். 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. காம்ப்ளிமென்ட் என்ற பெயர் பால் எர்லிக் வைத்தது. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் இருக்கிறதா என்று தனித்தனியாக அளப்பதைவிட, முழுச் சங்கிலியும் ஓடுகிறதா என்று ஒரே சோதனையில் பார்க்கலாம். அதன் பெயர் சிஎச்50. எதிர்ப்பொருள் பூசிய ஆட்டுச் சிவப்பணுக்களோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்து உடல் வெப்பத்தில் வைத்தால், சங்கிலி முழுதாக ஓடும் சீரம் அந்த அணுக்களைத் துளைத்து உடைத்துவிடும்.

முதல் மாதிரியில் சிஎச்50 பூஜ்யம் என்று வந்தது. அதை ஆய்வகமும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. காம்ப்ளிமென்ட் புரதங்கள் அறை வெப்பத்தில் விரைவில் கெடுபவை. ரத்தக் குழாய் ஆட்டோவில் மெஜஸ்டிக் நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகியிருந்தது, ஐஸும் வைக்கப்படவில்லை. ஆகவே இரண்டாம் முறை சிறுமியையும் தந்தையையும் ஆய்வகத்துக்கே வரச்சொல்லி, ஒரே நேரத்தில் இருவரிடமும் ரத்தம் எடுத்து, ஒரே ஐஸ் பெட்டியில் வைத்துச் சீரம் பிரித்து, அருகருகே சோதித்தோம். ஒரு மணி நேரத்துக்குப் பின் தந்தையின் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபோது, செம்பருத்திப் பூவை ஊறவைத்த தண்ணீர்போல முழுவதும் தெளிந்த சிவப்பாக இருந்தது. மகளின் குழாயில் மேலே நிறமற்ற நீர்; அடியில் ஒரு சிவப்புப் பொட்டு. ஓர் அணுகூட உடையவில்லை. தந்தை இரண்டு குழாய்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இதுல எது மேடம் நல்லது?" என்று கேட்டார். பார்த்தவுடன் தெரியும் விடை அது; சொல்லத்தான் எனக்குச் சிறிது நேரமாயிற்று.

சிஎச்50 சோதிப்பது எதிர்ப்பொருளால் தொடங்கும் பாதையை. எதிர்ப்பொருள் இல்லாமலே தொடங்கும் மாற்றுப்பாதையைச் சோதிக்கும் ஏஎச்50 இயல்பாக இருந்தது. சி3க்குக் கீழே உள்ள கண்ணிகள் இரு பாதைகளுக்கும் பொது என்பதால், அவை அனைத்தும் நலமாக இருப்பது இதனால் உறுதியாயிற்று. சி4 அளவு ஏற்கெனவே இயல்பு. ஆகவே விடுபட்டிருப்பது பாதையின் தலைவாசலாகவோ சி2 ஆகவோ இருக்க வேண்டும். அந்தத் தலைவாசலில் நிற்கும் முதல் புரதமான சி1கியூவை அளந்தபோது கண்டறியும் அளவுக்குக் கீழே இருந்தது. மரபணுச் சோதனையில், சி1கியூவின் ஒரு வகை இழையை உருவாக்கும் சி1கியூஏ மரபணுவின் இரு பிரதிகளிலும் ஒரே இடத்தில் புரதத்தைப் பாதியில் நிறுத்தும் மாற்றம் காணப்பட்டது; தாய், தந்தை, அண்ணன் மூவரிடமும் அந்த மாற்றம் ஒற்றைப் பிரதியில் இருந்தது.

சி3யும் சி4உம் ஏன் நன்றாக இருந்தன என்பது இப்போது விளங்கும். அவற்றைச் செலவழிக்கும் பாதையின் முதல் சாவியே அவளிடம் இல்லை. வழக்கமான லூபஸில் அந்த எண்கள் இறங்குவது சங்கிலி ஓடுவதன் அடையாளம். இவளுக்கு இறங்காமல் இருந்தது சங்கிலி தொடங்கவே இல்லை என்பதன் அடையாளம். ஒரே எண்ணுக்கு இரண்டு எதிர்மாறான பொருள்கள் இருந்தன, நான் பழகிய பொருளைப் படித்துக்கொண்டேன்.

எங்கே உண்டாகிறது

காம்ப்ளிமென்ட் புரதங்கள் கல்லீரலில் உண்டாகி ரத்தத்தில் ஓடுகின்றன என்பது மருத்துவக் கல்லூரியில் ஒரு வரியில் கற்றுத்தரப்படுவது. சி3யைப் பொறுத்தவரை பெருமளவுக்கு உண்மையும்கூட. சி3 மனிதருக்கு மனிதர் சிறிது வேறுபடும். மின்புலத்தில் ஒரு வகை வேகமாகவும் ஒரு வகை மெதுவாகவும் நகரும். 1969இல் செஸ்டர் ஆல்பரும் உடன் பணியாற்றியவர்களும், கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோயாளியின் ரத்தத்திலுள்ள சி3 கொடையாளியின் வகைக்கு மாறிவிடுவதைக் காட்டினார்கள். கல்லீரல்தான் முதன்மை ஊற்று என்பது அத்தோடு நிலைபெற்றது.

அந்தத் தெளிவான சோதனையே அடுத்த கேள்வியை நெடுங்காலம் மறைத்துவிட்டது என்று நான் கருதுகிறேன். ரத்தத்தில் ஓடுவதன் ஊற்று கல்லீரல் என்றால், திசுவில் வேலை செய்வதன் ஊற்றும் அதுதான் என்று ஆகிவிடாது. முடக்குவாத நோயாளிகளின் மூட்டு உறையை வளர்ப்புத் தட்டில் வைத்தால் அதுவே காம்ப்ளிமென்ட் புரதங்களை உருவாக்குகிறது என்று 1974இலேயே ரட்டியும் கோல்ட்டனும் எழுதியிருந்தார்கள். சிறுநீரகத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. லண்டனில் ஸ்டீவன் சாக்ஸ் குழுவினர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் ரத்தத்தில் கொடையாளி வகைச் சி3யைத் தேடி அளந்து, இயல்பான நிலையில் ரத்தத்திலுள்ள சி3யில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை ஒரு சிறுநீரகம் தருகிறது என்றும், உடல் அதை நிராகரிக்க முற்படும்போது அந்தப் பங்கு கூடுகிறது என்றும் காட்டினார்கள். 5 விழுக்காடு அற்பம் என்று தோன்றும். அதே குழு 2002இல் வெளியிட்ட எலிச் சோதனை அந்த எண்ணத்தை மாற்றியது: சி3 உருவாக்க முடியாத சிறுநீரகத்தை, ரத்தத்தில் சி3 நிறைந்த இயல்பான எலிக்குள் பொருத்தினால், அந்தச் சிறுநீரகம் நூறு நாளுக்கு மேல் தங்கியது; சி3 உருவாக்கும் சிறுநீரகங்களோ சில வாரங்களுக்குள் அழிந்தன. சுற்றி ஓடும் ரத்தம் முழுவதும் அதே புரதம் இருக்க, முடிவைத் தீர்மானித்தது சிறுநீரகக் குழாய்ச் செல்கள் தாமே உருவாக்கிக்கொண்ட சிறு பங்கு. மனிதர்களில் கொடையாளியின் சி3 வகை மாற்றுச் சிறுநீரகத்தின் ஆயுளை மாற்றுகிறதா என்ற கேள்விக்கு 2006இலும் 2009இலும் வந்த இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறான விடை தந்தன. ஆகவே எலியிலிருந்து மனிதருக்கு நேராகத் தாவிவிட நான் விரும்பவில்லை. ஆனாலும் முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவைக் கல்லீரல் மாற்றியவர்களிடம் ஆராய்ந்தபோது, நோய் ஒட்டிப்போனது காம்ப்ளிமென்ட்டைக் கட்டுப்படுத்தும் ஃபேக்டர் எச் புரதத்துக்கான நோயாளியின் சொந்த மரபணு வகையோடுதான், கொடைக் கல்லீரலின் வகையோடன்று. கண்ணுக்கு ஆனது கண்ணிலேயே உண்டாகிறது என்பதற்கு மனிதரிடம் கிடைத்த நல்ல சான்று அது.

சி1கியூ இவற்றிலிருந்தும் ஒரு படி விலகி நிற்கிறது. ரத்தத்தில் ஓடும் சி1கியூகூடக் கல்லீரலின் முதன்மைச் செல்களிலிருந்து வருவதன்று. ஏ, பி, சி என்ற மூவகை இழைகள் ஆறு ஆறாகப் பின்னிய பதினெட்டு இழைகளின் பூங்கொத்து போன்ற இந்தப் புரதத்தை உருவாக்குபவை, எலும்பு மஜ்ஜை வழிவந்த செல்கள்: திசுக்களில் குடியிருந்து செத்த செல்களை விழுங்கும் மேக்ரோபேஜ்கள், டென்ட்ரிட்டிக் செல்கள், மூளையில் மைக்ரோகிளியா. கல்லீரலைக் கரைத்துத் தேடினாலும் சி1கியூ கிடைக்கும், ஆனால் அதைத் தருபவை அங்கே குடியிருக்கும் மேக்ரோபேஜ்களான குப்ஃபர் செல்கள். ஃபேக்டர் டி என்ற இன்னொரு காம்ப்ளிமென்ட் புரதம் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலிருந்து வருவதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

செத்த செல்களை விழுங்கும் செல்லே, அவற்றில் ஒட்டி விழுங்க உதவும் புரதத்தையும் உருவாக்குகிறது என்பது தற்செயல் என்று நான் கருதவில்லை. தோலில் வெயில் பட்டு மேல்தோல் செல்கள் மடியும்போது, அவற்றின் சிதைந்த பரப்பில் சி1கியூ ஒட்டி அப்புறப்படுத்த உதவுகிறது. அது நடக்காவிட்டால் அணுக்கருவின் துண்டுகள் வெளியே கிடந்து, அவற்றுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்கள் எழுகின்றன. மரினா போட்டோ குழுவினர் 1998இல் சி1கியூ இல்லாத எலிகளின் சிறுநீரகத்தில் அப்புறப்படுத்தப்படாத செத்த செல்கள் குவிந்திருப்பதைக் காட்டினார்கள். கூடவே, வைரஸுக்கு எதிராக உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானின் உற்பத்தியை அடக்கிவைக்கும் வேலையையும் சி1கியூ செய்கிறது. அந்த அடக்கம் தளரும்போது வரும் அறிகுறிகள்தாம் குளிரில் வெடிக்கும் விரல்களும் மூளையில் படியும் சுண்ணாம்பும். சி1கியூ முற்றிலும் இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லூபஸ் வருகிறது; சி4 இல்லாதவர்களில் நான்கில் மூன்று பேருக்கு; சி2 இல்லாதவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு. சங்கிலியின் தலைவாசலை நெருங்க நெருங்க லூபஸ் கூடுகிறது. சங்கிலியின் கடைசி வேலையான கிருமியைத் துளைப்பதைவிட, முதல் வேலையான குப்பை அகற்றுவதுதான் லூபஸைத் தடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பிளாஸ்மாவும் மஜ்ஜையும்

நோய் கண்டறிந்த வாரமே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகளைப் போட்டு, தினசரி பென்சிலினும் தொடங்கினோம். அக்காவின் மரணத்துக்கு எந்தக் கிருமி காரணம் என்று இனி அறிய வழியில்லை. ஆனால் அவளும் இதே குறைபாட்டோடு பிறந்திருக்கக்கூடும் என்று பெற்றோரிடம் சொன்னேன். "அப்ப நாங்க சரியாப் பாத்துக்காததால இல்லையா?" என்று தாய் கேட்டார். இல்லை என்றேன். அவர் கேட்டதற்குள் எத்தனை ஆண்டுச் சுமை இருந்தது என்பதை அதன்பின் அவர் அழுத நேரத்தைக் கொண்டுதான் அறிந்தேன்.

சி1கியூவை மருந்தாகத் தயாரித்து விற்பவர் எவரும் இல்லை. அது கிடைக்கும் எளிய வழி கொடையாளியின் உறைநிலைப் பிளாஸ்மா. 15 கிலோ எடையுள்ள சிறுமிக்கு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கொடுத்தோம். மூன்று நாளுக்கு ஒருமுறை கொடுத்தபோது, ஐந்து வாரத்தில் கன்னத் திட்டுகள் மங்கின, வாய்ப்புண் ஆறியது. வாரம் ஒருமுறை என்று நீட்டியதும் விரல்கள் மறுபடி ஊதாவாயின. காரணம் அளவுகளிலேயே தெரிந்தது: பிளாஸ்மா ஏற்றிய ஒரு மணி நேரத்தில் அவள் ரத்தத்தில் சி1கியூ இருந்தது, மூன்றாம் நாள் காலையில் இல்லை. ஸ்ரீராமபுரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை மெட்ரோவில் வந்து, நரம்பு தேடி ஊசி போட்டு, சில நேரம் உடல் முழுவதும் அரிப்புத் தடிப்பு வந்து நிறுத்தி, மீண்டும் தொடங்கி மாலையில் திரும்பும் வாழ்க்கையை ஒரு குழந்தைக்கு எத்தனை ஆண்டுக்கு விதிப்பது? அதோடு, அவள் உடல் என்றுமே பார்த்திராத புரதம் இது. அதையே அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் உருவாக்கிக்கொள்ளும் அபாயமும் இருந்தது.

எனக்கு இன்னொரு ஐயமும் இருந்தது. பிளாஸ்மா புரதத்தை ரத்தத்தில் ஊற்றுகிறது. உருவாக்கும் செல்லைத் தருவதில்லை. மேக்ரோபேஜ் தன் பக்கத்திலேயே, தனக்குத் தேவையான கணத்தில் சுரந்துகொள்ளும் சி1கியூவுக்கு அது ஈடாகுமா? தோல் தெளிந்ததைப் பார்த்தால் பெரும்பகுதி ஈடாகிறது என்றே சொல்ல வேண்டும். மூளைக்கு ஈடாகும் என்று நம்ப எனக்குக் காரணமில்லை, ஏனெனில் இத்தனை பெரிய புரதம் ரத்தத்திலிருந்து மூளைத் திசுவுக்குள் எளிதில் கடந்துபோவதில்லை.

சி1கியூ மஜ்ஜை வழிச் செல்களில் உண்டாகிறது என்ற ஒரே உண்மையிலிருந்துதான் அடுத்த சிகிச்சை பிறந்தது. இதே குறைபாடு கல்லீரலில் உண்டாகும் ஒரு புரதத்தில் இருந்திருந்தால் மஜ்ஜையை மாற்றிப் பயனில்லை. சி1கியூ இல்லாத எலிகளுக்கு இயல்பான எலியின் மஜ்ஜையைச் செலுத்தியபோது ரத்தத்தில் சி1கியூ திரும்பி வந்தது. 2014இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் மருத்துவர்கள் இந்த வழியில் ஒரு நோயாளியைக் குணப்படுத்தியதை வெளியிட்டார்கள். அதன்பின் மேலும் சில நோயாளிகள் பதிவானார்கள். அண்ணனின் எச்எல்ஏ வகை, அதாவது மாற்றுச் சிகிச்சைக்குப் பொருந்த வேண்டிய திசு வகை, தங்கையோடு முழுதாகப் பொருந்தியது. அவனிடம் குறையுள்ள பிரதி ஒன்று இருந்தாலும், மற்றப் பிரதி நல்லதாகையால் சிஎச்50 இயல்பாகவே இருந்தது. உறவில் கொள்வது கொடுப்பது என்ற வழக்கமே இந்த நோயையும் கொண்டுவந்து, பொருந்தும் கொடையாளியையும் எளிதாக்கியது.

மஜ்ஜை மாற்றுக்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கும் தயாரிப்பு மருந்துகளைத் தேர்வதில் குழுவுக்குள் விவாதம் நடந்தது. உடலுக்கு எளிதான மென்மையான தயாரிப்பே போதும் என்றனர் சிலர். மூளையை எண்ணி, ரத்த மூளைத் தடையைக் கடக்கும் புசல்ஃபானையே முதன்மையாக வைக்க வேண்டும் என்று நான் வாதாடினேன். மைக்ரோகிளியா கருவின் தொடக்க நாள்களில் மஞ்சள்கருப் பையிலிருந்து மூளைக்குள் குடியேறி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே பெருகுபவை. மஜ்ஜையை மட்டும் மாற்றினால் அவை மாறா. மூளையின் சி1கியூவில் பெரும்பங்கு மைக்ரோகிளியாவிலிருந்து வருவதை 2017இல் எலிகளில் காட்டினார்கள். புசல்ஃபான் போன்ற மருந்தால் அங்கே சிறிது இடம் காலியானால்தான் கொடையாளியின் செல்கள் உள்ளே போய் மைக்ரோகிளியா போலக் குடியமர்கின்றன. மூளையைச் சிதைக்கும் பரம்பரை நோயான அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோஃபிக்கு மஜ்ஜை மாற்று பயன்படுவதும் இந்த அடிப்படையில்தான். ஆனால் அதே மருந்து கருப்பைக்கு அருகிலுள்ள சினைப்பைகளைக் கெடுக்கக்கூடும், வலிப்பையும் தூண்டக்கூடும். பின்னாளில் அவளுக்குக் குழந்தைப்பேறு இல்லாமல் போகலாம் என்பதைப் பெற்றோரிடம் இருமுறை, தனித்தனியாகச் சொன்னேன். தாய் நீண்ட நேரம் பேசாமலிருந்துவிட்டு, "மொதல்ல இவ இருக்கட்டும் டாக்டரம்மா" என்றார்.

வலிப்புத் தடுப்பு மருந்தின் காப்போடு புசல்ஃபானும் ஃப்ளூடராபைனும் கொடுத்து மஜ்ஜை செலுத்தப்பட்டது. பதினேழாம் நாள் வெள்ளணுக்கள் தலைகாட்டின. அண்ணனின் செல்களில் ஒய் குரோமோசோம் உண்டு, தங்கையிடம் இல்லை என்பதால், யாருடைய செல்கள் ஓடுகின்றன என்பதைக் கணக்கிடுவது எளிதாக இருந்தது. முப்பதாம் நாள் 98 விழுக்காடு அவனுடையவை. ஆறாம் வாரத்தில் சி1கியூ இயல்பின் பாதியைத் தாண்டியது, நான்காம் மாதத்தில் இயல்பு வரம்புக்குள் வந்தது. இடையில், கொடையாளியின் செல்கள் பெற்றவரின் உடலைத் தாக்கும் கொடைச்செல் எதிர்ப்பு நோய் தோலில் லேசாக வந்து மருந்தில் அடங்கியது. எட்டாம் மாதம் பிரெட்னிசோலோனை நிறுத்தினோம். ஒன்றரை ஆண்டில் ஏஎன்ஏ 1:80க்கு இறங்கியது. ரோ எதிர்ப்பொருள் மட்டும் இன்னும் நீடிக்கிறது. இரண்டு மார்கழிகள் கடந்தன, விரல்கள் வெடிக்கவில்லை.

நான்காம் மாதச் சோதனையின்போது சிஎச்50 குழாயைப் பார்க்கத் தந்தை தாமாகவே ஆய்வகத்துக்கு வந்திருந்தார். இம்முறை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். அடியில் பொட்டு இல்லை, முழுவதும் ஒரே சிவப்பு. தன் கைப்பேசியில் படமெடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

ரத்தத்தைப் பொறுத்தவரை அவள் நலம். மூளையைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுத என்னால் முடியவில்லை. வலிப்பு மறுபடி வரவில்லை; மருந்து குறைந்த அளவில் தொடர்கிறது. அடித்தள முடிச்சுகளின் சுண்ணாம்புப் புள்ளிகள் ஓராண்டுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவளுடைய மைக்ரோகிளியாவில் எத்தனை அண்ணனுடையவை, எத்தனை இன்னும் சி1கியூ இல்லாத அவளுடைய சொந்தச் செல்கள் என்பதை ரத்தத்திலுள்ள 98 விழுக்காடு சொல்லாது; அதை அறியத் தகுந்த சோதனை, உயிரோடு ஓடியாடும் குழந்தையிடம் செய்யக்கூடியதுமன்று. ஆகவே ரத்த எண்களை வைத்து "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளை உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன், கணக்குப் போடச் சொல்கிறேன், கதை சொல்லச் சொல்கிறேன், நடந்து காட்டச் சொல்கிறேன். போன முறை இரண்டாம் வகுப்புக் கன்னடப் பாடத்தையும் தமிழ்ப் பாட்டு ஒன்றையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். அடுத்த ஸ்கேன் பங்குனியில்.